ஓர் இடத்தில் மட்டும்

மின்சாரப் பேனலின் கதவைச் சாத்தி, தாழைத் திருகி, கையைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் பேனல்காரருக்கு மச்சானின் நினைப்பு வந்தது.

செம்புப் பட்டையை மாட்டியாகிவிட்டது. அதில் சந்தேகமே இல்லை. விரல் அகலப் பட்டை. நியூட்ரல் கட்டைக்கும், எர்த்தோடு சேர்ந்த பேனலின் இரும்பு உடம்புக்கும் நடுவே பாலம் மாதிரி வைத்து, இரண்டு முனையிலும் ஸ்க்ரூவை முறுக்கி, இழுத்துப் பார்த்து, தட்டியும் பார்த்திருந்தார். அதுதான் இப்போது பயமாக இருந்தது. நடைகூடத்தின் அந்தக் கோடியில் மச்சானும் இதே மாதிரி ஒன்றை மாட்டித் தொலைத்திருந்தால்?

வரைபடத்தில் இருந்தது ஒரே வரி. 'நியூட்ரலையும் எர்த்தையும் ஓர் இடத்தில் மட்டும் இணைக்கவும்.' எந்த இடத்தில் என்பதை வரைந்த மகானுபாவர் எழுதவில்லை. டிரான்ஸ்ஃபார்மரிலும் இணைக்கலாம், அதிலிருந்து கரண்ட் வாங்குகிற முதல் பேனலிலும் இணைக்கலாம். இரண்டிலும் இணைக்கக் கூடாது. இரண்டிலும் இணைக்காமல் விடவும் கூடாது.

டிரான்ஸ்ஃபார்மர் மச்சானுடைய வேலை. பேனல் இவருடைய வேலை. நடுவில் ஒரு கேபிளும் ஒரு நீண்ட நடைகூடமும். நடந்து போய் ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. அந்த ஒரு வார்த்தைதான் மூன்று வருஷமாக இல்லை.

மச்சான் என்றால் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். ஒரு காலத்தில் இருவரும் ஒரே ஏணியில் ஆளுக்கொரு பக்கம் ஏறியவர்கள். வேலை அப்போது எவ்வளவு சுலபமாக இருந்தது! 'மச்சான் பார்த்திருப்பார்' என்று இவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். 'மாப்பிள்ளை பார்த்திருப்பார்' என்று அவரும் கிளம்பிவிடுவார். பிறகு ஒருநாள் மனைவி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, தன் அண்ணன் இவரைப் பற்றிச் சொன்ன ஒரு பேச்சைச் சொன்னாள். அதை மனசுக்குள் திரும்பச் சொல்லிப் பார்க்கக்கூட அவருக்கு நாக்கு கூசியது. அன்றோடு சரி. அன்று முதல் மச்சான் தொட்ட ஒயர் என்றாலே இவருக்கு வியர்க்கும். தன் மீட்டரை வைத்துத் தன் கண்ணால் பார்க்காதவரை சோறு இறங்காது.

இந்தக் கதை எதுவும் தெரியாத சலவைக்கூடத்து முதலாளி இருவரையும் ஒரே வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

சலவைக்கூடம் என்றால் சின்னதில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்புகளை வெளுக்கிற இடம். ஆளுயர உருளைகள் சுழலும் மெஷின்கள், நீராவிப் பெட்டிகள், தண்ணீர் வடியாத தரை. சூப்பர்வைசரம்மா எந்த மெஷின் பக்கம் நின்றாலும் அதன் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டுதான் நிற்பார். எருமையின் முதுகில் கை வைத்து நிற்கிற மாதிரி அவ்வளவு உரிமையாக. கையும் ஈரம், காலும் ஈரம்.

பேனல்காரர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஃபோனை எடுத்தார்.

"இங்க பாரு, உங்க அண்ணன்கிட்ட ஒண்ணு கேக்கணும். டிரான்ஸ்ஃபார்மர்ல பட்டை போட்டிருக்காரான்னு கேளு."

"என்ன பட்டை?" என்றாள் மனைவி.

"அவருக்குத் தெரியும்."

"நேர்ல போய்க் கேட்டுடாதீங்க. வம்பு வளரும். நான் கேட்டுச் சொல்றேன்."

நடைகூடத்தின் கோடியில், டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிய கம்பிவலைக்குப் பின்னால், மச்சானின் முதுகு தெரிந்தது. அவர் காதுக்கு ஃபோன் போனது. தலை நிமிர்ந்தது. திரும்பி இந்தப் பக்கம் பார்க்கப் போன கழுத்து, பாதியில் நின்று பழையபடி திரும்பிக்கொண்டது. என்ன பிடிவாதம்!

மனைவி மறுபடி வந்தாள். "போட்டிருக்காராம். நான் போடாம வேற யாரு போடுவான்னு கேக்கறாரு. நீங்க எதுக்குக் கேக்கறீங்கன்னும் கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"பட்டையோ கொட்டையோ, எனக்கென்ன தெரியும்னு சொன்னேன்."

அப்படியானால் இரண்டு இடத்திலும் இருக்கிறது. பேனல்காரர் கண்ணை மூடினார். நியூட்ரல் வழியாக ஒழுங்காகத் திரும்பிப் போக வேண்டிய கரண்ட், இரண்டு வாசல் திறந்திருப்பதைக் கண்டதும் குழாய், தூண், மெஷின் உடம்பு என்று அகப்பட்ட வழியெல்லாம் போகும். அந்த அம்மாளின் கை அந்த வழியில்தான் ஊன்றியிருக்கிறது.

"அம்மா, கொஞ்ச நேரம் கரண்ட்டை நிறுத்தணும்."

"உருளை நிறைய துணியும் தண்ணியுமா இருக்குய்யா! இப்பத்தானே ஓடுதுன்னு சொன்னீங்க?"

"ஓடுதும்மா. நல்லாத்தான் ஓடுது. ஓடறதுதான் பிரச்சனை."

நடைகூடத்தின் நடுவில் இருந்த மெயின் ஸ்விட்சின் கைப்பிடியை இறக்கி, யாரும் போட்டுவிடாதபடி தன் பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பட்டையைக் கழற்றினார். திரும்பி வந்தபோது தன் பூட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பூட்டு தொங்குவதைப் பார்த்தார். மச்சானுடையது. என் மேல் அவ்வளவு நம்பிக்கை, என்று பல்லைக் கடித்தார். இவர் தன் பூட்டைத் திறந்துவிட்டு நகர்ந்ததும், அவர் வந்து தன் பூட்டைத் திறந்துவிட்டு நகர்ந்தார். இருவரும் எதிரெதிர் சுவர்களைப் பார்த்தபடி நடந்தார்கள்.

கரண்ட் வந்தது. உருளைகள் சுழன்றன. மச்சான் சொன்ன வாய்வார்த்தையை நம்பிப் போகிறவரா இவர்? மீட்டரின் ஒரு முனையை நியூட்ரலிலும் மறுமுனையைப் பேனல் உடம்பிலும் வைத்தார். ஓர் இடத்தில் இணைந்திருந்தால் முள் அசையக் கூடாது.

முள் அசைந்தது. ஏறியது, இறங்கியது, ஒரு முடிவுக்கும் வராமல் குடிகாரன் மாதிரி தள்ளாடியது.

ஒரு பட்டைகூட இல்லை.

இப்போது ஏதாவதொரு மெஷினுக்குள் ஒரு ஒயர் தோலுரிந்து இரும்பில் பட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அதுதான் பயங்கரம். பிரேக்கர் விழாது, பொறி பறக்காது, ஒரு சத்தமும் வராது. உள்ளே ஒன்று பதுங்கியிருப்பது யாருக்கும் தெரியாமல் மெஷின் சுழன்றுகொண்டேயிருக்கும். இரண்டாவதாக இன்னொரு ஒயர் உரியும் வரைக்கும். அது இன்றைக்கா, அடுத்த மாதமா? அப்போது யாருடைய கை ஊன்றியிருக்கும்?

"ஏய், உங்க அண்ணன் போட்டிருக்கேன்னுதானே சொன்னாரு?"

"சொன்னாரு. அப்புறம் எடுத்துட்டாராம். நீங்க கேட்டீங்கன்னா நீங்க போட்டிருக்கீங்கன்னுதானே அர்த்தம்? அதான் கரண்ட் நின்ன நேரத்துல கழட்டிட்டேன்கறாரு."

"நான் கழட்டிட்டேனே!"

"அதை அவர்கிட்ட சொல்லட்டுமா?"

பேனல்காரர் யோசித்தார். அப்படிச் சொன்னால், மச்சான் பேச்சை நம்பித்தான் கழற்றினேன் என்று ஒப்புக்கொள்வது போலாகும். "வேண்டாம். நான் திரும்பப் போட்டுக்கறேன்."

"சரி. போட்டுட்டு நல்லா அளந்து பாருங்க," என்றாள் மனைவி. அவள் குரலில் கவலையே இல்லை. ஒரு உயிர் ஊசலாடுகிறது, இவளுக்கு ஏதோ கத்தரிக்காய் வேகிற மாதிரி இருக்கிறதே என்று அவருக்கு ஆற்றாமையாக இருந்தது.

மறுபடி நிறுத்தம். மறுபடி பூட்டு. பட்டையை மாட்டி, ஸ்க்ரூவை மணிக்கட்டு வலிக்க முறுக்கினார். திரும்பி வந்தபோது மச்சானின் பூட்டும் பழையபடி தொங்கியது. அதைப் பார்த்ததும் ஏதோ ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. ஆனால் சூப்பர்வைசரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்ததில் அது மறந்துபோயிற்று.

கரண்ட் வந்த சிறிது நேரத்தில் அந்த அம்மாவே வந்தார்.

"என்னமோ செஞ்சிருக்கீங்க நீங்க."

"என்னம்மா?"

"நீராவிப் பெட்டி மேல கை வச்சா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. ஆனா நல்லாயிருக்கு. எனக்கு ரொம்ப நாளா தோள்பட்டை வலி. இப்படியே விட்டுடுங்க."

பேனல்காரர் பதறினார். "கையை எடுங்கம்மா!"

"இப்ப எடுத்துட்டேன். சாயங்காலம் இன்னொருக்கா வச்சுக்கறேன்."

கவ்வும் மீட்டரை எடுத்து எர்த் கம்பியைக் கவ்வினார். கரண்டே ஓடக்கூடாத அந்தக் கம்பியில் அது ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. ஃபோனை எடுத்தார். அவர் கேட்பதற்கு முன்பே மனைவி சொன்னாள்: "அண்ணனும் அளந்து பாத்தாராம். எங்கயும் பட்டை இல்லைன்னு தெரிஞ்சுதாம். மாப்பிள்ளையை நம்பினா ஊரே சாம்பலாயிடும்னு சொல்லி, அவரும் திரும்பப் போட்டுட்டாராம்."

"ஐயோ! எடுக்கச் சொல்லு!"

"சொல்றேன். ஆனா நீங்க எடுக்கச் சொன்னீங்கன்னு தெரிஞ்சா எடுப்பாரா?"

எடுக்க மாட்டார். மச்சானைப் பற்றி அவருக்குத் தெரியாதா? இவர் 'வலது' என்றால் அவர் இடது பக்கம் படுக்கிற ஆள். சூப்பர்வைசரம்மா வேறு, "அங்கதானே நிக்கறாரு, ரெண்டு எட்டு நடந்து போய்க் கேட்டா வாய் புண்ணாயிடுமா?" என்றார். அந்தக் கேள்வியைப் பேனல்காரரே தன்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அந்தப் பழைய பேச்சு வந்து குறுக்கே நின்றுவிடும். மௌனமும் துரு மாதிரிதான். முதலில் துடைத்தால் போய்விடும். பிறகு சுத்தியலால் தட்டினாலும் மரை கழலாது.

ஒரே வழிதான் இருந்தது. மச்சான் போட்டதைத் தானே போய்க் கழற்றிவிடுவது.

மூன்றாவது தடவையாக மெயினை இறக்கிப் பூட்டினார். இந்தத் தடவை நடைகூடம் வழியாகப் போகவில்லை. பாய்லர் அறைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு, திருடன் மாதிரி குனிந்து நடந்தார். கம்பிவலைக் கதவு திறந்திருந்தது. உள்ளே மச்சான் இல்லை. நல்ல காலம்! டெஸ்டரை வைத்துப் பார்த்தார், மறுபடி பார்த்தார், உயிர் இல்லை என்று உறுதியான பிறகு மூடியைத் திறந்தார். பளபளவென்று புதுப் பட்டை. கை நடுங்க இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றி, பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். பல நாளாகத் தைத்துக்கொண்டிருந்த முள்ளைப் பிடுங்கிய மாதிரி இருந்தது.

மெயின் ஸ்விட்சுக்கு வந்தார். இரண்டு பூட்டும் தொங்கின. நடைகூடத்தின் இன்னொரு பக்கத்திலிருந்து, அதே நேரத்தில், மச்சான் வந்துகொண்டிருந்தார். அவரும் கொஞ்சம் குனிந்தேதான் வந்தார்.

நடுவில் சூப்பர்வைசரம்மா கைப்பிடியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"வந்துட்டீங்களா? ரெண்டு பேரும் பூட்டைத் திறங்க. நானே தூக்கறேன். உருளையில துணி ஊறி நாறுது."

பேனல்காரர் சாவியை எடுத்தார். மச்சானும் எடுத்தார். அப்போதுதான் பேனல்காரரின் பார்வை மச்சானின் இடது கையில் விழுந்தது. ஒரு செம்புப் பட்டை. ஓரங்களை மழுங்க ராவிய பட்டை. அப்படி ராவுகிற ஆள் உலகத்தில் இவர் ஒருவர்தான்.

சாவி பூட்டுக்குள் பாதி போய் நின்றது.

எங்கேயோ ஒரு குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இந்தச் சாவியைத் திருப்பி, அவரும் திருப்பி, இந்த அம்மாளும் கைப்பிடியைத் தூக்கியிருந்தால், மறுபடி ஒரு இணைப்பும் இல்லாமல் அத்தனை மெஷினும் சத்தமில்லாமல் சுழல ஆரம்பித்திருக்கும். பட்டையை எடுத்தாயிற்று, இனி ஒன்றுதான் இருக்கிறது என்ற தெம்பில் தான் அளந்துகூடப் பார்க்காமல் போயிருக்கலாம்.

பேனல்காரர் சாவியை வெளியே இழுத்தார். "அது என் பட்டை."

மச்சான் தன் கையைப் பார்த்தார். பிறகு இவர் கையைப் பார்த்தார்.

"அது என்னுது," என்றார்.

சூப்பர்வைசரம்மா இரண்டையும் பார்த்தார். "ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு? மாத்திக்கிட்டா முடிஞ்சுது. இதுக்கா இவ்வளவு நேரம்?"

"கைப்பிடியை விடுங்கம்மா," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அந்த அம்மா விட்டார். இருவருடைய முகமும் அப்படி இருந்தது.

"உங்களை நம்ப முடியலை மாப்பிள்ளை. அதான் நானே வந்து கழட்டிட்டேன்," என்றார் மச்சான். பட்டை பிடித்திருந்த அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பேனல்காரர் அந்த நடுக்கத்தைப் பார்த்தார். காலையிலிருந்து தன் கையில் இருந்த அதே நடுக்கம். இந்த மனுஷனும் அந்தக் கோடியில் நின்றுகொண்டு இதே அம்மாளின் இதே கையைப் பார்த்துத்தான் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறார்.

"நானும் அதான் மச்சான்," என்றார்.

'மச்சான்' என்ற சொல் வாயிலிருந்து எவ்வளவு லேசாக விழுந்துவிட்டது!

"நீங்க அன்னிக்குச் சொன்ன பேச்சு..." என்று மச்சான் ஆரம்பித்தார்.

"நீங்க சொன்னதை விடவா?"

"அதை விடுங்க."

"நீங்களும் விடுங்க."

விட்டார்கள். அவ்வளவுதான். மூன்று வருஷம் அப்படி உதிர்ந்து விழுந்தது. சூப்பர்வைசரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

பேனலில்தான் இணைப்பு இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. 'உங்க டிரான்ஸ்ஃபார்மர்லயே இருக்கட்டும்' என்று இவர் சொல்ல, 'உங்க இடத்துலயே இருக்கட்டும்' என்று அவர் சொல்ல, கொஞ்ச நேரம் மரியாதையில் கழிந்தது. கடைசியில் இருவருமாகப் பேனலுக்கு முன்னால் நின்றார்கள். இவர் பட்டையைப் பிடித்தார், அவர் மேலே இருந்த ஸ்க்ரூவை முறுக்கினார். அவர் டார்ச் அடித்தார், இவர் ஒயரை ஒதுக்கினார். நடுவில் பேச்சு, பேச்சு, பேச்சு.

"பசங்க எப்படி இருக்காங்க மச்சான்?"

"பெரியவன் என்னைவிட உயரம். முதுகு வலி எப்படி இருக்கு உங்களுக்கு?"

"அதை ஏன் கேக்கறீங்க!"

கதவைச் சாத்தினார்கள். பூட்டுகளைத் திறந்தார்கள். கரண்ட் வந்தது, உருளைகள் கிளம்பின. பேனல்காரரின் கை வழக்கம்போல மீட்டரைத் தேடிப் போயிற்று.

"எதுக்கு மாப்பிள்ளை? ரெண்டு பேருமே கூட நின்னோமே!" என்றார் மச்சான்.

"அதானே!" என்று மீட்டரைப் பைக்குள் போட்டார்.

வாசலில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகப் பயம் இல்லாமல் ஒரு டீ. நெஞ்சுக்குள் அவ்வளவு காற்று இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. பாதி டம்ளரில் மச்சான் சும்மா பேச்சுவாக்கில் கேட்டார்:

"அந்தக் கீழ் ஸ்க்ரூ நல்லா முறுகிச்சா?"

"எந்தக் கீழ் ஸ்க்ரூ?"

"பட்டையோட கீழ் ஸ்க்ரூ. நான் மேலதானே முறுக்கினேன்."

"நீங்க ரெண்டும் முறுக்கியிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"நீங்க முறுக்கியிருப்பீங்கன்னு நான்..."

டம்ளர்கள் உருண்டன. இருவரும் ஓடினார்கள். உள்ளே சூப்பர்வைசரம்மா ஈரத்தரையில் நின்று, மெஷினின் மேல் கையை ஊன்றி, தோள்பட்டைக்கு இதமாக ஏதாவது வருகிறதா என்று காத்துக்கொண்டிருந்தார். "கையை எடுங்க! கையை எடுங்க!" என்று கத்திக்கொண்டே மச்சான் மெயினை இறக்கினார். உருளைகள் முனகி நின்றன. பேனல்காரர் கதவைத் திறந்தார். கீழ் ஓட்டை காலியாக இருந்தது. பட்டை ஒரு காலில் நின்றுகொண்டு, சாவகாசமாக அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஸ்க்ரூ அவருடைய சட்டைப்பையிலேயே இருந்தது.

இருவரும் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூச்சு வாங்கியது. அப்போது ஃபோன் அடித்தது. மனைவி.

"என்னங்க ஆச்சு? அண்ணன் ஃபோனையே எடுக்கலை."

"இரு, ஸ்பீக்கர்ல போடறேன். பக்கத்துலதான் இருக்காரு. நாங்க பேசிட்டோம்!"

"தங்கச்சி! மாப்பிள்ளையும் நானும் ராசியாயிட்டோம்மா!" என்றார் மச்சான், மூச்சிரைப்புக்கு நடுவே.

"அட பாவிகளா," என்றாள் மனைவி. "அவர் சொன்னதா உங்ககிட்ட ஒண்ணு, நீங்க சொன்னதா அவர்கிட்ட ஒண்ணுன்னு ராப்பகலா யோசிச்சு நான் மூட்டிவிட்ட சண்டைங்க அது, இனிமே உங்க ரெண்டு பேர் வேலையையும் யாருங்க சரிபார்ப்பாங்க?"